மலைப்பாதை மெக்கானிக் பதில்கள்: பழைய கூட்டுக்குள் புதிய ஷாக்

குன்னூரில் ரயில் விசில் கேட்கும் தூரத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மழை ஓய்ந்து சாலைப் பள்ளங்கள் வெளியே தெரியத் தொடங்கும்போதெல்லாம் முன்சக்கரத்தில் சத்தம் என்று வண்டிகள் வரிசையாக வரும். இந்த முறை கடிதங்களும் அப்படியே வந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே விஷயத்தை, அதாவது சக்கரத்தின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரையும் அது அடங்கிய ஸ்ட்ரட் என்ற தூணையும் பற்றியவை என்பதால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் அப்பா வெளிநாட்டுப் பணி முடிந்து திரும்பியபோது கொண்டுவந்த 1987 மாடல் பி.எம்.டபிள்யூ. 318ஐ கார் எங்களிடம் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. காரை நான் ஓட்டுகிறேன். முன்புற ஷாக் இரண்டும் ஒழுகுகின்றன. கோவையில் ஒருவர் முழு ஸ்ட்ரட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் உள்ளே இருக்கும் பாகத்தை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். பழைய இரும்புக் கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் புதிது போடுவது பாதுகாப்பானதா?
— வாசகி, வெலிங்டன்

அம்மா, கூடு நல்ல நிலையில் இருந்தால் பாதுகாப்பானதே. உங்கள் காரைச் செய்தவர்களே அப்படித்தான் நினைத்துச் செய்திருக்கிறார்கள். அந்த இ-30 வகைக் காரில் ஸ்ட்ரட் கூடும், சக்கரம் சுழலும் அச்சுத் தண்டும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே உருப்படி. கூட்டின் தலையில் மரை போட்ட ஒரு வளைய நட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். தேய்ந்த உள்பாகத்தை எடுத்துவிட்டு, ஆயில், வால்வு, பிஸ்டன் எல்லாம் அடங்கிய ஒரு முழுக் குப்பியை உள்ளே இறக்குவதைத்தான் இன்சர்ட் போடுவது என்கிறோம். முழு ஸ்ட்ரட்டையும் மாற்றச் சொன்னவர் அச்சுத் தண்டையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார் என்று அர்த்தம். கூடு வளைந்தோ விரிசல் விட்டோ இருந்தால் தவிர அது வேண்டாத செலவு.

கூடு என்ன செய்கிறது என்பதை ஓட்டுகிற நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். லாரியின் பின்பக்கம் பார்த்திருப்பீர்கள். பாரத்தைச் சுமப்பது பட்டை ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் ஷாக்கின் வேலை. அந்த ஷாக்கைக் கழற்றி வைத்துவிட்டாலும் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும், வண்டி குதிக்கும், அவ்வளவுதான். ஸ்ட்ரட் அப்படி இல்லை. எர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வடிவமைத்த முறை இது. ஷாக்கையே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் தூணாக ஆக்கிவிட்டார். 1950இல் இங்கிலாந்தில் ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்கள் இந்த அமைப்போடு வந்தன. நம் ஊரில் 1983இல் வந்த மாருதி 800 வழியாக இது எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. பர்லியாரிலிருந்து குன்னூருக்கு ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் வண்டியின் எடை சாய்கிறது. அந்தச் சாய்வைப் பக்கவாட்டில் தாங்குவதில் கீழ் ஆர்மோடு இந்தக் குழாய்க்கும் அதற்குள் ஓடும் பிஸ்டன் ராடுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் என் பட்டறையில் இன்சர்ட்டைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே கூட்டைப் பரிசோதித்துவிடுவேன்.

வாங்குவதற்கு முன் அளவு எடுங்கள். இ-30 கார்களில் 45 மில்லிமீட்டர் குழாய், 51 மில்லிமீட்டர் குழாய் என்று இரண்டு வகைக் கூடுகள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மாடல் ஆண்டைச் சொல்லி வாங்கினால் தவறு நேரலாம். வெர்னியர் காலிப்பரைக் குழாயின் மேல் வைத்து அளந்துவிட்டு, அந்த எண்ணைச் சொல்லி வாங்குங்கள். சென்ற ஆண்டு ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஜோடி, குழாய்க்குள் இறங்கவே இல்லை. திருப்பி அனுப்ப ஆன செலவில் ஒரு டயர் வாங்கியிருக்கலாம்.

கழற்றும்போது மெக்கானிக்கிடம் நீங்களும் நின்று பாருங்கள். வளைய நட் முப்பது ஆண்டுப் பனியிலும் மழையிலும் துருவேறி இறுகியிருக்கும். முந்தின நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை விட்டு வைக்க வேண்டும். கேஸ் விளக்கைக் காட்டிச் சூடாக்குவதை நான் அனுமதிப்பதில்லை. உள்ளே ஆயில் இருக்கிறது. நட் கழன்றதும் பழைய உள்பாகத்தை உருவி எடுத்து, கறுத்த ஆயிலை ஒரு டப்பாவில் பிடித்துவிட்டு, குழாயின் உட்புறத்தை டீசலில் கழுவ வேண்டும். ஒரு மரக்குச்சியில் எமரி பேப்பரைச் சுற்றி உள்ளே விட்டுத் துருவைச் சுரண்டி, மறுபடி கழுவி, துணியால் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும்.

அடுத்து விரிசல் சோதனை. இதற்கு யந்திரம் தேவையில்லை. ஸ்பிரிங் உட்காரும் தட்டு குழாயோடு சேரும் பற்றவைப்பு, அச்சுத் தண்டு சேரும் இடம், பிரேக் ஹோஸைத் தாங்கும் சிறிய தகடு ஆகிய மூன்று இடங்களையும் கம்பி பிரஷ்ஷால் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்க்கவும். மண்ணெண்ணெயைத் தடவி அரைமணி நேரம் விடவும். பிறகு சுத்தமாகத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைத் தூளாக்கி அதன் மேல் பூசவும். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளைத் தூளில் தலைமுடி போல ஒரு கோட்டை வரையும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு, அதை மறுபடி பற்றவைத்துக் கொடுங்கள் என்று யார் கெஞ்சினாலும் நான் கொடுத்ததில்லை. அந்தக் கூட்டுக்கு அங்கேயே முடிவு.

விரிசல் இல்லையென்றால் வளைவைப் பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றாமல், புது இன்சர்ட்டைக் குழாய்க்குள் மெதுவாக விடுங்கள். தன் எடையிலேயே அடிவரை இறங்க வேண்டும். பாதியில் நின்றால் துரு மிச்சமிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு பள்ளத்தில் விழுந்து குழாய் வளைந்திருக்கிறது. தட்டி இறக்கக் கூடாது. தட்டினால் இன்சர்ட்டின் மெல்லிய சுவர் நெளியும், உள்ளே பிஸ்டன் சிக்கும்.

இறங்கிவிட்டது என்றால் வளைய நட்டைக் கையால் திருகி, நட் இன்சர்ட்டின் தலையைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது நட்டின் விளிம்புக்கும் குழாயின் வாய்க்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி தெரிய வேண்டும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் போதும். இடைவெளி இருந்தால்தான் நட்டை இறுக்கும்போது அது இன்சர்ட்டை அழுத்திப் பிடிக்கிறது என்று பொருள். இடைவெளியே இல்லையென்றால் நட் குழாயின் வாயில் முட்டி நின்றுவிட்டது. இன்சர்ட் உள்ளே தளர்வாக நிற்கும். அப்போது அடியில் வைக்கத் தகுந்த உயரத்தில் ஒரு இரும்பு வளையத்தை லேத் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் அந்த வளையத்தையும் புது நட்டையும் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் பெட்டியோடு குப்பையில் போடுகிறவர்களும் உண்டு.

பிறகு ஆயில். இதைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். குழாய்க்கும் இன்சர்ட்டுக்கும் நடுவே காற்று மட்டும் இருந்தால் இன்சர்ட்டில் உண்டாகும் சூடு சரியாக வெளியேறாது. காற்று சூட்டை எளிதில் கடத்தாது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் ஷாக் பல்லாயிரம் முறை மேலும் கீழும் ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டமும் அதன் ஆயிலைச் சூடாக்குகிறது. சூடேறிய ஆயில் இளகும், இளகினால் பிடிப்பு குறையும். நடுவே கொஞ்சம் ஆயில் இருந்தால் சூடு அதன் வழியாகக் கூட்டுக்கு வந்து, கூட்டிலிருந்து காற்றில் கலந்துவிடும். துருவும் பிடிக்காது. எஞ்சின் ஆயிலே போதும்.

எவ்வளவு ஊற்றுவது? ஒரு கணக்குச் சொல்கிறேன். குழாயின் உள்விட்டம் 46 மில்லிமீட்டர், இன்சர்ட்டின் வெளிவிட்டம் 44, உள்ளே இருக்கும் நீளம் 330 என்று வைத்துக்கொண்டால் நடுவே இருக்கும் முழு இடமே 47 மில்லி லிட்டர் அளவுதான். காப்பி டம்ளரில் பாதிகூட இல்லை. முதலில் 30 மில்லி ஊற்றி, இன்சர்ட்டை இறக்கிப் பாருங்கள். ஆயில் மட்டம் குழாயின் வாயிலிருந்து ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். குறைந்தால் கொஞ்சம் சேருங்கள். வாய்வரை நிரப்பிவிட்டால், சூட்டில் ஆயில் விரியும்போது இடமில்லாமல் நட்டைச் சுற்றிக் கசியும். புது இன்சர்ட் ஒழுகுகிறது என்று நீங்கள் பயந்து போவீர்கள். தலைகீழாகப் பொருத்தப்படும் சில கேஸ் (அழுத்தத்தில் வாயு அடைத்த) இன்சர்ட்டுகளுக்கு ஆயில் ஊற்றக் கூடாது. பெட்டிக்குள் வரும் தாளில் அப்படிப் போட்டிருந்தால் அதன்படியே செய்யச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் உள்ள இரட்டைக் குழாய் வகை இன்சர்ட், கடையில் மாதக்கணக்கில் படுத்த நிலையில் இருந்திருக்கும். அதை நிமிர்த்தி வைத்து, ராடை நிதானமாக நான்கைந்து முறை முழுவதுமாக மேலே இழுத்துக் கீழே அழுத்த வேண்டும். முதல் இரண்டு முறை எதிர்ப்பே இல்லாத ஓர் இடம் கையில் தட்டுப்படும். அதற்குக் காரணம் உள்ளே புகுந்திருக்கும் காற்று. அது போய் ஒரே சீராக எதிர்த்துத் தள்ளும்போதுதான் வண்டியில் ஏற்றலாம்.

இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஸ்ட்ரட்டின் தலையை வண்டியின் உடலோடு பிடிக்கும் மேல் மவுண்ட், அதன் பேரிங், தூசி உறை, பம்ப் ஸ்டாப் ரப்பர் ஆகியவற்றையும் கூடவே மாற்றிவிடுங்கள். பழைய பேரிங்கைத் திரும்பப் போட்டால் ஆறு மாதத்தில் மறுபடி அதே வேலையைச் செய்ய வேண்டிவரும்.

அப்பாவின் காரை வைத்திருப்பதே பெரிது என்று பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்தக் கார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நீங்கள் இவ்வளவு விவரமாக எழுதிக் கேட்டது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

கேள்வி: தோட்டத்து முதலாளியின் பழைய டொயோட்டா கரோலாவை ஓட்டுகிறேன். பின்சக்கரத்துக்கு இழுவை உள்ள மாடல். இரண்டு மாதத்துக்கு முன் வத்தலக்குண்டில் முன்பக்கம் இன்சர்ட் போட்டோம். ஓட்டம் நன்றாகிவிட்டது. ஆனால் சின்னப் பள்ளத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். பெரிய பள்ளத்தில் சத்தமே இல்லை. கீழ் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அண்ணா, வழி சொல்லுங்கள்.
— ஓட்டுநர், பண்ணைக்காடு

தம்பி, சின்னப் பள்ளத்தில் சத்தம், பெரிய பள்ளத்தில் இல்லை என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் பெரிய பள்ளத்தில்தான் அதிகம் கேட்கும். குழாய்க்குள் இன்சர்ட் ஒரு மில்லிமீட்டர் தளர்ந்திருந்தால், சக்கரம் கொஞ்சம் அசைந்தாலே இன்சர்ட் மேலே எழும்பி நட்டில் தட்டும், பிறகு அடியில் விழும். பெரிய பள்ளத்தில் அது ஒரே பக்கம் அழுந்தியே இருப்பதால் சத்தம் எழாது.

1994இல் எனக்கே இது நேர்ந்தது. ஒரு டாக்டரின் காருக்கு இன்சர்ட் போட்டேன். நட்டை இருக்கிற பலமெல்லாம் கொடுத்து இறுக்கினேன். இறுகியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் கோத்தகிரி போய்த் திரும்பி வந்து சத்தம் என்றார். நானும் உங்களைப் போலவே புஷ், ஜாயின்ட் என்று மூன்று நாள் தேடினேன். கடைசியில் ஸ்ட்ரட்டை இறக்கி, நட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது அதில் ஒரு பளபளப்பான வட்டம் தெரிந்தது. இன்சர்ட்டின் தலை தட்டித் தட்டி அரைத்த தடம். நட் இறுகியது குழாயின் மேல். இன்சர்ட்டைப் பிடிக்கவே இல்லை. அன்றைக்கு அந்த டாக்டரிடம் தவறு என்னுடையது என்று சொல்லி, கூலி வாங்காமல் சரிசெய்தேன். இடைவெளியைக் கண்ணால் பார்க்காமல் எந்த நட்டையும் இறுக்குவதில்லை என்று அன்று முடிவு செய்தது இன்றுவரை நிற்கிறது.

இறக்குவதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒருவரைப் பம்பரை மெதுவாக, சிறிய அளவில் அழுத்திவிடச் சொல்லுங்கள். நீங்கள் ஸ்ட்ரட் குழாயை, ஸ்பிரிங் தட்டுக்குக் கீழே, கையால் பிடித்துக்கொள்ளுங்கள். சத்தம் அங்கே என்றால் காதுக்கு முன் விரலுக்குத் தெரியும். பானட்டைத் திறந்து மேல் மவுண்டின் நடு நட்டிலும் ஒரு விரலை வைத்துப் பாருங்கள். அங்கே அதிர்ந்தால் மேல் நட் தளர்ந்திருக்கிறது, அல்லது மவுண்ட் ரப்பர் போயிருக்கிறது. அது எளிய வேலை. கீழே என்றால் ஸ்ட்ரட்டை இறக்கி, இடைவெளி பார்த்து, அடி வளையம் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. நட்டைக் கூடுதலாக இறுக்கிப் பார்க்கிறேன் என்று யாராவது நீளமான பைப்பை மாட்டிக்கொண்டு வந்தால் தடுத்துவிடுங்கள். குழாயின் மரை கிழியும்.

அப்படியே ஓட்டலாமா என்று கேட்பீர்கள். பெருமாள்மலைக்கும் வத்தலக்குண்டுக்கும் தினமும் ஏறி இறங்குகிற வண்டி. வேண்டாம். இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி: என் டாக்ஸியின் ஸ்ட்ரட் தலையில் நட் இல்லை, உலோகத்தையே உள்பக்கம் மடித்து மூடியிருக்கிறது. ஒரு பட்டறையில் மேலே அறுத்துவிட்டு உள்ளே இன்சர்ட் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் ஓட்டை போட்டுப் புது ஆயில் விட்டு அடைத்துத் தருகிறேன் என்கிறார்கள். எது நல்லது?
— டாக்ஸி உரிமையாளர், கோத்தகிரி

ஓட்டை போட்டு ஆயில் விடும் வேலைக்குப் போகாதீர்கள். ஒழுகுவதற்குக் காரணம் ஆயில் சீலும் ராடும். சீல் கிழிந்த பாத்திரத்தில் புது ஆயில் எத்தனை நாள் நிற்கும்? மேலும் பற்றவைக்கும் சூட்டில் மிச்சமிருக்கும் சீலும் கருகும். அந்த வேலை நடந்த ஸ்ட்ரட்டுகள் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

அறுத்துப் போடும் இன்சர்ட் என்பது உண்மையிலேயே உள்ள முறை. நெதர்லாந்தின் கோனி நிறுவனம் சில கார்களுக்கு அப்படிப்பட்ட இன்சர்ட்டுகளைச் செய்கிறது. ஆயிலை வடித்து, கூட்டின் மேற்பகுதியைக் குறிப்பிட்ட உயரத்தில் அறுத்து, உள்பாகத்தை எடுத்துவிட்டு, அடியில் ஒரு துளை போட்டு, கீழிருந்து ஒரு போல்ட்டால் இன்சர்ட்டைப் பிடிக்க வேண்டும். எந்தக் கூட்டுக்கு, எந்த உயரத்தில் அறுக்க வேண்டும், எத்தனை முறுக்கில் போல்ட்டை இறுக்க வேண்டும் என்பதெல்லாம் தாளில் அச்சிட்டு வரும். ஆக, குறிப்பிட்ட கூட்டுக்கென்றே செய்த இன்சர்ட் இருந்தால் அது முறையான வேலை. கையில் கிடைத்த ஏதோ ஒரு ஷாக்கை அறுத்த குழாய்க்குள் திணித்து மேலே மூடி வைத்துப் பற்றவைப்பது வேறு. உங்களுக்குச் சொன்ன பட்டறையில் இன்சர்ட்டின் பெட்டியையும் தாளையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் வண்டிக்கு மூடிய ஸ்ட்ரட் முழுதாகவே எல்லா ஊரிலும் கிடைக்கும். ஜோடியாக வாங்கிப் போடுங்கள். பயணிகளை ஏற்றி இறக்குகிறீர்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தப் பற்றவைப்பை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேள்வி: என்னிடம் பழைய அம்பாசடர் இருக்கிறது. அதற்கும் இன்சர்ட் போடலாமா?
— வாசகர், அருவங்காடு

உங்கள் வண்டியில் ஸ்ட்ரட்டே இல்லை ஐயா. முன்புறம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டு), பின்புறம் பட்டை ஸ்பிரிங். இன்சர்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஷாக்கின் கைப்பிடி இணைப்புகளையும் ரப்பர் புஷ்களையும் பாருங்கள். அம்பாசடரில் வரும் தொல்லை பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: நான் ஐ.டி.ஐ. படித்திருக்கிறேன். என் மாமாவின் பழைய காருக்கு இன்சர்ட்டை வீட்டிலேயே போடலாம் என்று இருக்கிறேன். ஸ்பிரிங்கை அழுத்தும் கருவி இங்கே யாரிடமும் இல்லை. நைலான் கயிற்றால் கட்டிக் கழற்றலாம் என்கிறான் நண்பன். சரியா ஐயா?
— மாணவர், கூடலூர்

தம்பி, கயிற்றால் கட்டாதே. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

ஸ்ட்ரட்டின் மேல் நட்டுக்கும் ஸ்பிரிங் தட்டுக்கும் நடுவே அந்த ஸ்பிரிங் வண்டியின் ஒரு மூலையைத் தாங்கும் பலத்தோடு அழுந்திக்கிடக்கிறது. நட்டின் கடைசி மரை விடுபடும் அந்த நொடியில், பிடிப்பு இல்லையென்றால், மேல் தட்டும் மவுண்டும் எதிரே இருப்பவரின் முகத்துக்கோ நெஞ்சுக்கோ வரும். என்னோடு தொழில் கற்றுக்கொண்ட ஒருவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவர் கட்டியது கயிறுகூட இல்லை, கம்பி.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் இரண்டு வேண்டும். ஒன்றுக்கொன்று நேர் எதிரே மாட்டி, இதில் இரண்டு சுற்று, அதில் இரண்டு சுற்று என்று மாறி மாறித் திருக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் ஸ்பிரிங் வில் போல வளைந்து கொக்கி நழுவும். ஸ்பிரிங் தட்டிலிருந்து விடுபட்டு, கையால் ஆட்டினால் ஆடும் நிலை வந்த பிறகுதான் மேல் நட்டைத் தொடலாம். அப்போதும் உன் முகம் ராடின் நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது. நட்டைக் கழற்றும்போது ராடு கூடவே சுற்றும். அதைப் பிளையரால் பிடித்தால் குரோம் பூச்சில் கீறல் விழும், அந்தக் கீறல் ஒவ்வொரு ஓட்டத்திலும் சீலை அறுக்கும். ராடின் தலையில் அதற்கென்று பள்ளமோ பட்டையோ இருக்கும். ஆலன் சாவியாலோ ஸ்பானராலோ அங்கே பிடி.

கருவி கூடலூரில் இல்லையென்றால் ஊட்டியிலோ குன்னூரிலோ உள்ள பட்டறைகளில் நாள் வாடகைக்குக் கேட்டுப் பார். அல்லது நீ ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து இறக்கிக் கொண்டுபோய், ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையை மட்டும் அவர்களிடம் கொடு. உள்வேலை எல்லாம் நீயே செய்யலாம். அது உனக்குக் கைவரும் என்றுதான் நினைக்கிறேன்.

நம் மலையில் வீட்டு முற்றம் எங்கே சமமாக இருக்கிறது? தேவாலா, நடுவட்டம் பக்கமெல்லாம் வாசலே சரிவுதான். சரிவில் ஜாக்கி போடாதே. சமதரை கிடைக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோ. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கிக்குப் பதில் ஸ்டாண்டின் மேல் வண்டியை நிறுத்தி, கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு வேலையைத் தொடங்கு. பிரேக் காலிப்பரை அதன் ஹோஸிலேயே தொங்க விடாதே. கம்பியால் மேலே கட்டி வை. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகு கடைசியாக இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

நண்பனிடம் நான் சொன்னதாகவே சொல்.

கேள்வி: ஸ்ட்ரட் வேலை செய்த பிறகு வண்டி இடது பக்கம் இழுக்கிறது. டயரின் உள்விளிம்பு தேய்கிறது. இன்சர்ட் தரம் குறைவா?
— வாசகர், கட்டபெட்டு

இன்சர்ட்டைக் குறை சொல்வதற்கு முன் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்த்தீர்களா? கூட்டை, சக்கரத்தைத் தாங்கும் அச்சு முட்டியோடு இணைக்கும் போல்ட்டுத் துளைகளில் சில கார்களில் சிறிது ஆட்டம் இருக்கும். கழற்றும்முன் உளியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தால் அதே இடத்தில் திரும்பப் பொருத்தலாம். கோடு போடாமல் கழற்றியிருந்தால் கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாய்ந்து நிற்கும் அளவு) மாறியிருக்கும், அதோடு டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு) மாறும். உள்விளிம்பு தேய்வது அதைத்தான் காட்டுகிறது. இந்த வேலைக்குப் பிறகு அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும். வேலை முடிந்த அன்றே செய்வதைவிட, ஸ்பிரிங்கும் ரப்பர்களும் படிந்து உட்கார நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் செய்யுங்கள்.

டயரை ஒருமுறை உள்ளங்கையால் குறுக்கே, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவியும் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பப்பல் போல உறுத்தல் என்றால் அது டோ. குழி குழியாக, அலை போல இருந்தால் அது ஷாக் பலமில்லாமல் சக்கரம் துள்ளியதன் அடையாளம். பழைய ஷாக் காலத்துத் தேய்வாகவும் இருக்கலாம்.

கேள்வி: கழற்றிய பழைய ஷாக்கை அறுத்து உள்ளே எப்படி இருக்கிறது என்று மாணவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். அறுக்கலாமா?
— தொழிற்பயிற்சி ஆசிரியர், ஊட்டி

நல்ல எண்ணம் ஐயா. கட்டாயம் காட்டுங்கள். ஆனால் அது கேஸ் வகையா என்று முதலில் பாருங்கள். ராடை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் தானாக மேலே வந்தால் உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது. ஒற்றைக் குழாய் கேஸ் வகை என்றால் அழுத்தம் மிக அதிகம். அதை அறுக்க வேண்டாம், தயாரிப்பாளர் துளையிடும் இடத்தைக் குறித்துக் கொடுத்திருந்தாலொழிய. இரட்டைக் குழாய் வகை என்றால் வைஸில் பிடித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஈரத் துணியைப் போர்த்தி, மெல்லிய டிரில் பிட்டால் மெதுவாக ஒரு துளை போடுங்கள். சீறல் நின்ற பிறகு ஆயிலை முழுதாக வடித்துவிட்டு, கை ரம்பத்தால் நீளவாக்கில் அறுங்கள். கிரைண்டர் வேண்டாம், பொறி பறந்து மிச்ச ஆயில் பற்றிக்கொள்ளும்.

வடித்த ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஓடையில் விட்டுவிடாதீர்கள். இங்கே மேலே விட்டது கீழே யாரோ ஒருவர் குடிக்கிற தண்ணீரில் போய்ச் சேரும். அறுத்த துண்டில் அடி வால்வையும் பிஸ்டனின் துளைகளையும் மாணவர்கள் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். அறுத்த விளிம்புகளை அரம் போட்டு மழுக்கிவிட்டுக் கொடுங்கள்.